1651இல் அச்சான ஆட்டத்தை இன்னும் ஏன் ஆடுகிறார்கள்? இங்கிலீஷ் கன்ட்ரி டான்ஸ் பற்றி ஓர் இழை

கார்த்திகா_பிரிஸ்டல் எழுதியது:

எங்கள் தெருமுனை சர்ச் ஹாலில் வாரம் ஒருநாள் சாயங்காலம் இங்கிலீஷ் கன்ட்ரி டான்ஸ் நடக்கிறது. ஆபீஸ் தோழி ஒருத்தி இழுத்துக்கொண்டு போனாள், இப்போது அவள் வராத நாளிலும் நான் போகிறேன். படங்களில் காட்டுகிற கவுன், கையுறை, மெழுகுவர்த்தி ஒன்றும் கிடையாது. டீ-ஷர்ட், சாதா பேன்ட், நடுவில் டீயும் பிஸ்கட்டும். ஆனால் ஆடுகிற ஆட்டங்களில் பாதி, ஜான் பிளேஃபோர்டு என்ற லண்டன் பதிப்பாளர் 1651இல் போட்ட தொகுப்பிலும் அதன் பிந்தைய பதிப்புகளிலும் இருப்பவை.

அந்த வருடத்தைக் கவனியுங்கள். ராஜா தலையை வெட்டி இரண்டு வருடம்தான் ஆகிறது, நாடகக் கொட்டகைகளெல்லாம் மூடிக் கிடக்கின்றன, தூய்மைவாதிகள் ஆட்சி. அந்த நேரம் பார்த்து ஒரு மனிதர் 105 ஆட்டங்களை ராகத்தோடு அச்சடித்து விற்றிருக்கிறார். விற்றதும் சும்மா இல்லை, அவர் மகன் ஹென்றி, அப்புறம் ஜான் யங் என்று கைமாறி 1728 வாக்கில் நிற்கும்போது பதினெட்டாவது பதிப்பு.

பழசு என்பதற்காகவே ஒன்றை வாராவாரம் வந்து யாரும் ஆட மாட்டார்கள். வருகிறவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நிறைய, ஆனால் யுனிவர்சிட்டிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், ஐடி ஆட்கள் (வழக்கம்போல) இருக்கிறார்கள். எது இவர்களைப் பிடித்து வைத்திருக்கிறது? ஆடிப் பார்த்தவர்கள், வாசிக்கிறவர்கள், வரலாறு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெங்கட்_ரா எழுதியது:

சினிமாதான், வேறென்ன. 1995இல் பிபிசி எடுத்த ஜேன் ஆஸ்டன் தொடரில் நாயகனும் நாயகியும் முறைத்துக்கொண்டே ஆடுவார்களே, அந்த ஒரு காட்சி இழுத்து வந்த கூட்டம் எவ்வளவு என்று எந்த கிளப்பில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பாத் நகரத்தில் வருடாவருடம் செப்டம்பரில் ஆஸ்டன் விழா வேறு, உடையெல்லாம் போட்டுக்கொண்டு தெருவில் ஊர்வலம் போவார்கள். நெட்ஃபிளிக்ஸ் வந்த பிறகு கேட்கவே வேண்டாம்.

பழுப்புத்தாள் எழுதியது:

வெங்கட், அந்தக் காட்சியில் ஆடுவது மிஸ்டர் பெவரிஜஸ் மேகட். அது அச்சானது 1695இல். ஆஸ்டன் பிறந்ததே 1775. அவர் இளம்பெண்ணாக ஆடப் போன காலத்தில் அது நூறு வருடத்துப் பழைய சரக்கு, ஹாலில் யாரும் சீந்தியிருக்க மாட்டார்கள். மறு வருடம் வந்த இன்னோர் ஆஸ்டன் படத்திலும் அதே ஆட்டம்.

அது மட்டுமில்லை. படத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஆரம்பிப்பார்கள், அன்னநடை போடுவார்கள், பேசுவதற்கு மூச்சு மிச்சமிருக்கும். ஆஸ்டன் காலத்து வழக்கமே வேறு. வரிசையின் தலையில் நிற்கிற ஜோடிதான் ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பார்கள், அவர்கள்தான் ஆரம்பிப்பார்கள். மற்றவர்கள் எதிரும் புதிருமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான், ஜோடி இறங்கி இறங்கி தங்களிடம் வந்து சேரும்வரை. பெரிய வரிசையாக இருந்தால் கடைசியில் நிற்கிறவர்கள் முறை வர வெகுநேரம் ஆகும். நாவல்களில் வரும் அந்த நீண்ட சம்பாஷணைகளெல்லாம் இந்தக் காத்திருப்பில் நடப்பவை, ஆடிக்கொண்டே பேசியவை அல்ல. ஆட ஆரம்பித்தால் துள்ளலும் ஓட்டமும், வியர்த்துக் கொட்டும்.

வெங்கட்_ரா எழுதியது:

சரி, படம் தப்பாகவே இருக்கட்டும். ஆளைக் கொண்டுவந்து சேர்த்ததா இல்லையா?

நெய்தல் எழுதியது:

கொண்டுவந்து சேர்க்கும், தங்க வைக்காது. நான் இருப்பது பாஸ்டன் பக்கம். அந்தத் தொடரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இரண்டு மூன்று முறை வருவார்கள், ஃபோட்டோ எடுப்பார்கள், அப்புறம் பாதிப் பேர் காணாமல் போவார்கள். மீதிப் பாதி ஏன் தங்குகிறார்கள் என்பதுதான் கார்த்திகாவின் கேள்வி என்று நினைக்கிறேன்.

என் பதில்: ஆட்டத்தின் அமைப்பு. ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீள வரிசை ஆட்டம் என்றால் இரண்டு வரிசைகள், ஒருவரையொருவர் பார்த்தபடி, எதிரில் நிற்பவர் உங்கள் ஜோடி. மேடைப் பக்கத்திலிருந்து இரண்டிரண்டு ஜோடியாகப் பிரித்துக்கொள்வீர்கள், நான்கு பேர் ஒரு சின்னக் குழு. மேலே நிற்கிற ஜோடி ஒன்று, கீழே நிற்கிற ஜோடி இரண்டு. ஒரு சுற்று முடியும்போது ஒன்று ஓர் இடம் கீழே இறங்கியிருக்கும், இரண்டு ஓர் இடம் மேலே ஏறியிருக்கும். இப்போது உங்கள் எதிரில் புது ஜோடி. மறுபடியும் அதே ஆட்டம், வேறு கைகள், வேறு முகங்கள். வரிசையின் கோடிக்குப் போய்ச் சேர்ந்தால் ஒரு சுற்று சும்மா நின்று, எண் மாறி, இறங்கியவர்கள் ஏற ஆரம்பிப்பீர்கள். பத்து நிமிடத்தில் அந்த வரிசையில் இருக்கிற கிட்டத்தட்ட எல்லாரோடும் ஆடியிருப்பீர்கள். நீங்கள் யார், என்ன வேலை, எந்த ஊர் எதுவும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஹோல் இன் தி வால் என்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 1690களின் கடைசியைச் சேர்ந்தது. முதல் ஜோடி வெளிப்புறமாகத் திரும்பி அடுத்த ஜோடியின் முதுகுக்குப் பின்னால் இறங்கி, நடுவில் கைகோத்து மேலே வருவார்கள். இரண்டாம் ஜோடி அதையே தலைகீழாகச் செய்வார்கள். அப்புறம் மூலைவிட்டமாக நிற்கிற இரண்டு பேர் இடம் மாறுவார்கள். வேறு ஒன்றுமில்லை, இடம் மாறுவது, அவ்வளவுதான். ஆனால் அதற்கு இசை தருகிற நேரம் தாராளம். இரண்டு பேரும் நடுவில் சந்தித்து, பார்வை விலகாமல் மெதுவாகத் திரும்பி, பின்பக்கமாக நடந்தே எதிராளியின் இடத்துக்குப் போய்ச் சேர்வார்கள். அந்த நேரத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் புதியவர்கள் தரையைப் பார்ப்பார்கள். கொஞ்ச நாளில் தலை நிமிரும். ஒரு மனிதரின் முகத்தை அவ்வளவு நேரம், எந்தக் காரியமும் இல்லாமல், தப்பர்த்தமும் இல்லாமல், வேறு எங்கே பார்க்கிறோம்?

தாளக்கட்டு எழுதியது:

வயலின் வாசிக்கிறவன் என்ற முறையில் இதில் ஒன்று சேர்க்கிறேன். நெய்தல் சொன்ன ஹோல் இன் தி வால் ராகம் ஹென்றி பர்செல் எழுதியது. 1695இல் ஒரு நாடகத்துக்கு இசை போட்டார், அந்த வருடமே இறந்தும் போனார். அதே தொகுப்பில் இருக்கிற வேறொரு மெட்டைத்தான் பெஞ்சமின் பிரிட்டன் 1945இல் எடுத்து, பிள்ளைகளுக்கு ஆர்கெஸ்ட்ராவை அறிமுகப்படுத்த எழுதிய புகழ்பெற்ற படைப்புக்கு அடித்தளமாக வைத்தார். ஒன்று கச்சேரி மேடைக்குப் போயிற்று, இன்னொன்று சர்ச் ஹாலிலேயே தங்கிவிட்டது.

கவர்ச்சிக்கு நான் சொல்லும் காரணம் இசைதான், அதிலும் குறிப்பாக அது நேரில் வாசிக்கப்படுவது. சின்ன கிளப்பில்கூட ஒரு பியானோ, ஒரு ஃபிடில், முடிந்தால் ஒரு புல்லாங்குழல் இருக்கும். ஒரே ராகத்தைப் பத்துப் பன்னிரண்டு முறை திருப்பித் திருப்பி வாசிக்க வேண்டும். அச்சில் இருப்பது ஒற்றை வரி மெட்டு மட்டும், கூடவே ஒலிக்க வேண்டிய துணைச் சுரங்கள் எதுவும் எழுதப்படவில்லை, ஆகவே வாசிப்பவர்தான் ஒவ்வொரு சுற்றிலும் வேறு நிறம் கொடுக்க வேண்டும். பாஸ்டனைச் சேர்ந்த பேர் நெசஸிட்டீஸ் குழுவின் பழைய பதிவுகளைக் கேளுங்கள். பியானோ ஒரு சுற்றில் அப்படியே ஒதுங்கிக்கொள்ளும், அடுத்த சுற்றில் அடியிலிருந்து எழுந்து வரும். ஆடுகிறவர்கள் அதைக் காலில் வாங்குவார்கள்.

இன்னொன்று, பெவரிஜ் ஆட்டமும் ஹோல் இன் தி வாலும் ஓர் அளவுக்கு மூன்று பெரிய அடி என்ற கணக்கில் போகிறவை. வால்ட்ஸ் மாதிரி சுழலாது, மார்ச் மாதிரி நடக்காது. இன்றைக்கு வேறெங்கும் அந்த நடை காதில் விழுவதே இல்லை. அதற்காகவே வருகிறவர்கள் உண்டு.

மு_சிவா எழுதியது:

நான் ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். எல்லாரும் நடந்துகொண்டிருந்தார்கள். ஹாலுக்குள் வாக்கிங் போவதற்கு இத்தனை வரலாறா?

கார்த்திகா_பிரிஸ்டல் எழுதியது:

சிவா, நடைதான். அதனால்தான் என்னால் ஆட முடிகிறது! சல்சா வகுப்பில் கால் பழகுவதற்குள் ஆறு மாதம் போய்விடும், அதுவரை மூலையில் நிற்க வேண்டும். இங்கே நடக்கத் தெரிந்தால் முதல் நாளே வரிசையில் சேரலாம். மைக் பிடித்து அடுத்தது என்ன என்று சொல்லிக்கொண்டே போகிறவர் ஒருவர் இருப்பார், காலர் என்பார்கள். ஆட்டம் எல்லாருக்கும் பிடிபட்டதும் வாயை மூடிக்கொள்வார். நல்ல காலரின் அடையாளம் எப்போது பேச்சை நிறுத்துகிறார் என்பதுதான்.

ஆனால் கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. எட்டு அடியில் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு ஆறில் போய்விட்டு நிற்கக் கூடாது, பத்தில் மூச்சிரைக்க வந்தும் சேரக் கூடாது. உங்களோடு கைகோத்தவர் உயரமா குட்டையா, முழங்கால் வலிக்காரரா என்று பார்த்து நீங்கள் வளைய வேண்டும். சொன்னால் சாதாரணமாக இருக்கும், செய்து பாருங்கள்.

பழுப்புத்தாள் எழுதியது:

எல்லாரும் உருகிக்கொண்டிருக்கிறீர்கள், கொஞ்சம் கல் போடுகிறேன்.

நீங்கள் ஆடுவது 1651ஆம் வருட ஆட்டம் இல்லை. 1911ஆம் வருட ஆட்டம். பிளேஃபோர்டு புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் பாருங்கள்: மேலே ஒரு வரி மெட்டு, ஆண்களுக்குப் பிறைக் குறி, பெண்களுக்கு வட்டக் குறி போட்டு யார் எங்கே நிற்பது என்று ஒரு சின்னப் படம், கீழே தந்தி அடித்த மாதிரி சில வரிகள். "எல்லாரும் ஒரு டபுள் முன்னே போய்த் திரும்பவும், மறுபடியும் அதே." டபுள் என்றால் நான்கு அடி என்று விளக்கம் இருக்கிறது. ஆனால் சைடிங் என்று ஒன்று ஆட்டத்துக்கு ஆட்டம் வருகிறதே, அது என்ன என்று புத்தகத்தில் ஒரு வார்த்தை கிடையாது. வாங்கியவர்களுக்குத் தெரியும், எழுத வேண்டிய அவசியம் இல்லை. பெரும்பாலும் லண்டன் இளைஞர்கள், சட்டம் படித்தவர்கள்; பிளேஃபோர்டின் கடையும் வக்கீல்கள் கூடுகிற இன்னர் டெம்பிள் பக்கம்தான். கிராமத்தான் ஆட்டம் என்ற பெயரே தவிர, வாங்கினவன் பட்டணத்தான்.

அப்புறம் வால்ட்ஸும், சதுரமாக நின்று ஆடுகிற குவாட்ரில்லும் வந்து 19ஆம் நூற்றாண்டில் இதை மேட்டுக்குடி ஹால்களிலிருந்து தள்ளிவிட்டன. கிராமங்களில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. செசில் ஷார்ப் என்ற இசை ஆசிரியர் 1909இல் கிராமத்தில் சேகரித்த ஆட்டங்களை முதலில் வெளியிட்டார், 1911இல் பிளேஃபோர்டு பக்கம் திரும்பினார். இடைவெளிகளையெல்லாம் தன் ஊகத்தால் நிரப்பினார். சைடிங்குக்கு அவர் கொடுத்த வடிவம், இரண்டு பேரும் தோளை உரசுகிற மாதிரி வளைந்து இடம் மாறித் திரும்பி வருவது, அழகாக இருக்கிறது, ஆனால் அதற்கு 17ஆம் நூற்றாண்டு ஆதாரம் இல்லை. பின்னால் பாட் ஷா என்ற ஆராய்ச்சியாளர் வந்து, பக்கத்தில் போய் நின்றுவிட்டு வந்த வழியே திரும்புவதுதான் சரி என்றார். இரண்டும் இன்று புழக்கத்தில் இருக்கின்றன, எது வேண்டும் என்று காலர் சொல்ல வேண்டியிருக்கிறது. இதைப் போய் அறுந்துபோகாத பாரம்பரியம் என்று விற்காதீர்கள்.

நெய்தல் எழுதியது:

யாரும் விற்கவில்லையே! நீங்கள் குறையாகச் சொல்வதைத்தான் நான் பலம் என்பேன். புத்தகத்தில் ஓட்டைகள் இருந்ததால்தான் ஷார்ப்புக்கு வேலை இருந்தது, ஷாவுக்கு வேலை இருந்தது. எல்லாம் தெளிவாக எழுதி வைத்திருந்தால் மியூசியத்தில் வைத்துப் பூட்டியிருப்பார்கள்.

பாட் ஷா வெறும் ஆராய்ச்சியாளரும் இல்லை, புது ஆட்டங்கள் கட்டியவர். லீவை ஜாக்சன் ராக் என்று ஒன்று, 1974இல் கென்டக்கியில் உருவாக்கியது. ஐந்து ஜோடி குதிரைலாட வடிவத்தில் நிற்பார்கள், மெட்டு ராக்டைம், அமெரிக்கத் துள்ளல் இசை! பிளேஃபோர்டு கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார், ஆனால் அசைவுகள் அவருக்குப் புரிந்திருக்கும். இன்றும் வருடாவருடம் புது ஆட்டங்கள் வந்துகொண்டே இருக்கின்றன, எங்கள் ஹாலில் ஒரு சாயங்காலம் ஆடுவதில் நல்ல பங்கு உயிரோடு இருக்கிறவர்கள் கட்டியது.

யாழ்_சுதன் எழுதியது:

நான் லண்டனில் இருக்கிறேன், கேம்டன் பக்கம் செசில் ஷார்ப் ஹவுஸுக்கு அடிக்கடி போய்வருபவன் (1930இல் திறந்த கட்டடம், நல்ல நூலகம் உண்டு, வரலாறு பிடித்தவர்கள் கட்டாயம் போய்ப் பாருங்கோ). பழுப்புத்தாள் ஷார்ப்பை லேசாக விட்டுவிட்டார் என்றுதான் சொல்லுவேன். அந்த மனிதருக்கு இது இங்கிலாந்தின் ஆன்மாவை மீட்கிற வேலை. பள்ளிக்கூடங்களில் புகுத்தினார், தேர்வு, சான்றிதழ் என்று கட்டுப்பாடு வைத்தார்.

அதே காலத்தில் மேரி நீல் என்று ஒரு பெண், லண்டனில் தையல் வேலை செய்த ஏழைப் பெண்களை வைத்து எஸ்பெரன்ஸ் கிளப் நடத்தினார். அந்தப் பெண்கள்தான் மோரிஸ் என்ற இங்கிலாந்துக் கிராமிய ஆட்டத்தை முதலில் மேடைக்குக் கொண்டுவந்தவர்கள், ஊர் ஊராகப் போய்ச் சொல்லியும் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் ஷார்ப்பும் கூட இருந்தார், பிறகு பிரிந்துவிட்டார்கள். ஷார்ப்புக்கு அடி சுத்தமாக இருக்க வேண்டும், நீலுக்கு ஆட்டத்தில் சந்தோஷம் இருக்க வேண்டும். ஷார்ப் வென்றார், 1911இல் அவர் தொடங்கிய சங்கம் நிலைத்தது, நீலின் பெயரைப் பல காலம் யாரும் சொல்லவில்லை. இன்றைக்கும் சில ஹால்களில் ஒரு அடி பிசகினால் முறைக்கிற ஆட்கள் இருக்கினம், அவர்கள் ஷார்ப்பின் வாரிசுகள்.

எண்டாலும் போகிறேன். ஏன் என்றால் முறைக்கிறவர்களை விடச் சிரிக்கிறவர்கள் கூட.

தாளக்கட்டு எழுதியது:

சுதன் அண்ணா சொன்னதில் ஒரு சோகமான கிளைக்கதை. ஷார்ப்பின் குழுவில் ஆடியவர்களில் ஜார்ஜ் பட்டர்வொர்த் ஒருவர், நல்ல இசையமைப்பாளர். 1912இல் எடுத்த சிறு ஊமைப்படத் துண்டுகள் இன்றும் இருக்கின்றன. ஷார்ப், கார்ப்பலிஸ் சகோதரிகள், பட்டர்வொர்த் எல்லாரும் புல்தரையில் ஆடுகிறார்கள். சட்டென்று தாவுகிற மனிதர். நான்கு வருடத்தில், முதல் உலகப் போரின் சோம் சண்டையில் குண்டடிபட்டு பட்டர்வொர்த் இறந்தார், வயது 31. அந்தக் குழுவின் ஆண்களில் இன்னும் சிலரும் அதே போரில் போனார்கள்.

அந்தப் போர்க்காலத்திலேயே டெய்சி டேக்கிங் என்ற ஆசிரியை பிரான்ஸுக்குப் போய், ஒய்எம்சிஏ ஏற்பாட்டில் சிப்பாய்களுக்குக் கன்ட்ரி டான்ஸ் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஷார்ப்பின் கறார்த்தனம் ஒரு பக்கம் இருக்கட்டும், அங்கே அந்த ஆட்டம் வேறு ஒரு வேலை செய்திருக்கிறது.

மு_சிவா எழுதியது:

சரி சரி, வாக்கிங் என்று சொன்னதை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் இன்னொரு தடவை வந்து பார்க்கிறேன். ஒரு சந்தேகம், தனியாள் வரலாமா? ஆணும் ஆணும் ஆடலாமா?

நெய்தல் எழுதியது:

தாராளமாக. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஜோடி மாற்றுவதுதான் வழக்கம், கணவன் மனைவியாக வந்தவர்களே பிரிந்துதான் ஆடுவார்கள். இடது பக்கம் நின்றால் ஒரு பங்கு, வலது பக்கம் நின்றால் இன்னொன்று. எங்கள் ஊரில் ஆண், பெண் என்று சொல்லிக் கூப்பிடுவதையே பல காலர்கள் விட்டுவிட்டார்கள். முதல் மூலை, இரண்டாம் மூலை, முதல் ஜோடி என்று நிற்கிற இடத்தை வைத்தே சொல்லிவிடலாம், இந்த ஆட்ட அமைப்புக்கு அது பொருந்திப் போகிறது. சில பழைய ஆட்கள் முனகினார்கள், இப்போது பழகிவிட்டது.

வெங்கட்_ரா எழுதியது:

பழுப்புத்தாளுக்கு ஒரு கேள்வி. பட்டணத்தான் ஆட்டம் என்றீர்களே, அரண்மனையிலும் ஆடினார்களா?

பழுப்புத்தாள் எழுதியது:

நன்றாகவே ஆடினார்கள். 1602இல் முதலாம் எலிசபெத் ராணி முன்னால் அந்தரங்க மண்டபத்தில் கன்ட்ரி டான்ஸ் நடப்பதாக ஒரு பிரபு எழுதிய கடிதம் இருக்கிறது. 1662 டிசம்பர் 31 அன்று வொயிட்ஹால் அரண்மனை நடன விருந்தைப் பார்த்த சாமுவேல் பெப்பிஸ் நாட்குறிப்பில் எழுதுகிறார்: முதலில் பிரெஞ்சு பாணி நடனங்கள், அப்புறம் கன்ட்ரி டான்ஸ், அதில் இரண்டாம் சார்லஸ் ராஜாவே முதல் ஜோடியாக நின்று, ஏமாந்த கணவர்களைக் கேலி செய்கிற பெயருடைய ஓர் ஆட்டத்தைக் கேட்டு வாங்கினாராம், இங்கிலாந்தின் பழைய ஆட்டம் என்று சொல்லி. அவருடைய அரண்மனையின் லட்சணத்துக்குப் பொருத்தமான தேர்வு.

பின்னால் பிரான்ஸுக்குப் போய் கோந்த்ரதான்ஸ் ஆயிற்று, பீத்தோவன்கூட அந்த வகையில் மெட்டுகள் எழுதியிருக்கிறார். நம் ஊர்ப் பக்கமும் வந்தது: எழும்பூர் மியூசியம் இருக்கிற வளாகத்தில் 18ஆம் நூற்றாண்டில் கம்பெனி வெள்ளைக்காரர்கள் விருந்துக்கும் நாடகத்துக்கும் நடனத்துக்கும் கூடிய அரங்கு இருந்தது, பாந்தியன் சாலை என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். அந்தக் காலத்து விருந்தில் மினுயெட் முடிந்தால் கன்ட்ரி டான்ஸ் என்பது எழுதப்படாத விதி. மெட்ராஸ் வெயிலில், கோட்டும் கையுறையுமாக. நினைத்தாலே வியர்க்கிறது.

யாழ்_சுதன் எழுதியது:

பழுப்புத்தாள், ஒன்று கேட்கலாமா? நீங்கள் ஆடுவீர்களா?

பழுப்புத்தாள் எழுதியது:

ஆடுவேன். ஷார்ப் சைடிங்தான் பிடிக்கும், ஆதாரம் இல்லாவிட்டாலும்.

கார்த்திகா_பிரிஸ்டல் எழுதியது:

இதை எதிர்பார்க்கவில்லை! எல்லாருக்கும் நன்றி. எங்கள் ஹாலில் அடுத்து நியூகாசல் எடுக்கப் போகிறார்களாம், நான்கு ஜோடி சதுரமாக நிற்பது. முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா?

நெய்தல் எழுதியது:

1651 முதல் பதிப்பிலேயே இருக்கிற ஆட்டம், எல்லாருக்கும் செல்லம். ஆரம்பம் லேசு, நடுவில் கைகளை வளைவாகத் தூக்கிப் பிடித்து ஆட்கள் கீழே நுழைகிற இடம் வரும், அங்கேதான் குழப்பம். சதுரம் கலைந்து வரிசைகளாக மாறும்போது உங்கள் ஜோடியைத் தேடாதீர்கள், பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் கையைப் பிடியுங்கள். தொலைந்து போனால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள், யாராவது வந்து இழுத்துக்கொள்வார்கள். சிவாவுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், தரையைக் கவ்விப் பிடிக்கிற ரப்பர் அடி ஷூ வேண்டாம், உடம்பு திரும்பும், கால் திரும்பாது, முழங்கால் போய்விடும். வழுவழுப்பான அடி, தட்டையான குதிகால், கட்டாயம் தண்ணீர் பாட்டில்.